மஞ்சள், தழும்பு, தள்ளுபடி: திருச்சி – திருவரங்கத்துப் பெண்களின் சடங்குகளும் கடைவீதியும்

திருவரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் ஆடி 18 அன்று காவிரிக்குப் படைக்கப்படும் பொருள்களில் பெரும்பாலானவை பெண்ணின் உடம்பில் ஏறுபவை: மஞ்சள், குங்குமம், பூ, வளையல், மஞ்சள் கயிறு, ரவிக்கைத் துண்டு, சீப்பு, சிறு கண்ணாடி, காதோலை, கருகமணி. ஆறு அன்றைக்குச் சூலி. மசக்கைக்காரிக்கு வாய்க்குப் பிடிக்கும் என்று அவளுக்குப் புளிச்சாதம், எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம் எல்லாம் கட்டிக்கொண்டு போகிறார்கள். புதிதாய் மணமான பெண்கள் அன்று தாலிக் கயிற்றை மாற்றிக்கொள்கிறார்கள்; பழைய கயிறு ஆற்றோடு போகிறது. ஆடி மாதத்தில் திருவரங்கம் பெரிய கோயிலின் உற்சவரான நம்பெருமாளும் இதே மண்டபத்துக்கு எழுந்தருளி, பட்டுப்புடவை, மாலை, மஞ்சள், குங்குமம், வெற்றிலை பாக்கு என்று காவிரிக்குச் சீர் கொடுக்கிறார். கோயில் யானைமேல் வந்த அந்தச் சீர் ஆற்றில் விடப்படும். 1934இல் மேட்டூர் அணை கட்டி முடித்த பிறகு பெருக்கு என்பது பொதுப்பணித் துறை மதகு திறப்பதைப் பொறுத்ததாகிவிட்டது. ஆறு வறண்ட ஆண்டுகளில் படித்துறையில் ஷவர் குழாய் வைத்து ஊர் சமாளித்திருக்கிறது. அப்போதும் சடங்கு நிற்கவில்லை.

படையலில் உள்ள காதோலையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பனையோலையைச் சுருட்டிச் சாயம் ஏற்றிய சிறு வளையம் அது. தமிழ்ப் பெண்கள் ஒரு காலத்தில் அதைக் காதில் அணிந்தார்கள். காதைக் குத்தி, துளையில் ஓலைச் சுருளைச் செருகி, சுருள் விரிய விரியத் துளையும் பெரிதாகும்படி செய்வார்கள். தோள்வரை தொங்கும் காது அழகாகவும் செல்வத்தின் அடையாளமாகவும் இருந்தது. தென்மாவட்டங்களில் அதில் பாம்படம், தண்டட்டி என்னும் காதணிகள் ஆடின. எட்கர் தர்ஸ்டன் 1906இல் வெளியிட்ட தென்னிந்திய இனவரைவுக் குறிப்புகளில் இந்த வழக்கத்தைப் பதிவு செய்தார். அடுத்த இரண்டு மூன்று தலைமுறைக்குள் அதே காது பட்டிக்காட்டுத்தனமாகிவிட்டது. வளர்த்த காதை மருத்துவமனையில் அறுத்துத் தைத்துக்கொண்டு தோடு போட்டவர்கள் உண்டு. இன்று திருச்சி வட்டாரத்தில் ஓலையைக் காதில் அணிபவர் யாருமில்லை; காவிரிக்கு மட்டும் அது போய்ச் சேருகிறது. பெண்கள் கழற்றிப்போட்ட நகையை ஆறு இன்னும் கழற்றவில்லை. தொன்றுதொட்டு வரும் அழகு என்று சொல்லப்படுவதும் மாறிக்கொண்டேதான் வந்திருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

ஓலை போனாலும் தோடும் மூக்குத்தியும் நின்றன. அவற்றுக்கு வேண்டிய செயற்கைக் கற்களைப் பட்டை தீட்டும் தொழில் 20ஆம் நூற்றாண்டில் திருச்சியிலும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் குடிசைத் தொழிலாகப் பரவியது. வைரம் வாங்க வழியில்லாத வீட்டிலும் பெண்ணின் மூக்கில் ஏதோ ஒன்று மின்ன வேண்டும் என்ற கட்டாயத்தால் வளர்ந்த தொழில் அது. பட்டை தீட்டியவர்களிலும் பெண்கள் ஏராளம்.

படித்துறைக் குளியலுக்கு ஒரு முறை இருந்தது. விரலி மஞ்சளைப் படிக்கல்லில் தண்ணீர் தெளித்து உரைப்பார்கள். கல்லில் இறங்கிய மஞ்சள் குழம்பை வழித்து முகம், கழுத்து, கைகால் எல்லாம் தேய்த்துக்கொண்டு, காயும்வரை துணி துவைத்துவிட்டு, பிறகு முழுகுவார்கள். மஞ்சள் கிருமியை அண்டவிடாது, முகத்தில் முடி வளரவிடாது என்பது நம்பிக்கை. இரண்டாவது காரணத்தை மறந்துவிடக் கூடாது. பெண்ணுக்கு மீசை அரும்பக் கூடாது என்ற விதியைப் பாட்டிமார்கள்தான் முதலில் போட்டார்கள். விளம்பரக்காரர்கள் பின்னால் வந்தவர்கள். கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கிச்சிலிக்கிழங்கு, பயத்தமாவு சேர்த்து அரைக்கும் நலங்கு மாவு குழந்தைக்கும் மணப்பெண்ணுக்கும் பொதுவானது.

ஆனால் ஆற்றங்கரைக்கு ஒரு பெரிய குணம் இருந்தது. பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு எல்லா வயதுப் பெண்களும் ஒரே துறையில் குளித்தார்கள். பத்து வயதுச் சிறுமிக்கு அறுபது வயது உடம்பு எப்படி இருக்கும், பிள்ளை பெற்ற வயிறு எப்படித் தளரும், மாதம் ஏறிய வயிறு எப்படித் தெரியும் என்பதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்திருந்தது. கோயிலிலும் அப்படியே. பெரிய கோயிலில் வேணுகோபாலன் சன்னதியின் வெளிச்சுவரில் கண்ணாடி பார்ப்பவளும், வீணை வைத்திருப்பவளும், கிளியோடு நிற்பவளுமாகப் பெண் சிற்பங்கள் கூச்சமின்றி நிற்கின்றன. திருச்சி நகராட்சி 1866இலும் திருவரங்கம் நகராட்சி 1871இலும் அமைந்தன. அதன்பின் வந்த குழாய்த் தண்ணீர் மெல்ல மெல்லக் குளியலை வீட்டுக்குள் கொண்டுபோனது. அது பெண்களுக்குப் பெரிய வசதி. குடம் தூக்கிய இடுப்புக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் நான்கு சுவருக்குள் போன பிறகு ஒரு பெண் தன் உடம்பைத் தவிர வேறு பெண்ணுடம்பைப் பார்க்க வாய்ப்பு இருந்த இடம் சினிமாத் திரையும் பத்திரிகையின் பின் அட்டையும்தான். ஒப்பிட்டுப் பார்க்கக் கிடைத்த உடம்பு ஒரே வயதில், ஒரே அளவில், ஒரே நிறத்தில் இருந்தது. மற்ற மாற்றங்களைவிட இதன் விளைவு ஆழமானது.

கொள்ளிடத்தின் வடகரையில் சமயபுரம் மாரியம்மன் கோயில். மாரியம்மன் மரபில் அம்மை நோய் தாயின் வருகை. கொப்புளத்தை 'முத்து' என்றார்கள். நோய் இறங்கியபின் நிற்கும் தழும்பு அவள் தொட்ட அடையாளம். அம்மை கண்டவரை மரியாதையோடு, வேப்பிலை சூழ, அதட்டாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னது அந்த நம்பிக்கை. தழும்புள்ள முகத்தைக் குறை என்று வாய்விட்டுச் சொல்ல அஞ்சிய சமூகமும் அதனால் உண்டாயிற்று. பெண் பார்க்கப் போகும்போது மட்டும் அந்த அச்சம் வேலை செய்ததில்லை. அம்மைத் தழும்பு உள்ள பெண்ணுக்கு வரன் அமைவது கடினமாகவே இருந்தது. இந்தியாவில் கடைசி பெரியம்மை நோயாளி 1975இல் பதிவானார். 1980இல் உலகமே அந்நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. சமயபுரத்துக் கூட்டம் அதனால் குறையவில்லை. மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கும் பூச்சொரிதலிலிருந்து 28 நாள் அம்மன் தன் மக்களுக்காகப் பச்சைப் பட்டினி இருக்கிறாள். சமைத்த நைவேத்தியம் இல்லை. இளநீர், பானகம், நீர்மோர், துள்ளுமாவு போன்றவை மட்டுமே. மஞ்சள் புடவை உடுத்திய பெண்கள் அவளோடு சேர்ந்து விரதம் இருக்கிறார்கள். கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் கண், கை, கால், வயிறு என்று தகட்டில் அடித்த உருக்கள் கிடைக்கும். எந்த உறுப்பு நோகிறதோ அதை வாங்கி உண்டியலில் போடுவார்கள். உடம்பின் எந்தப் பாகத்தையும் கோயிலுக்குள் கொண்டுபோக வெட்கமில்லை.

முடியும் அங்கே காணிக்கை. பெண்களும் மொட்டை போட்டுக்கொண்டு, சந்தனம் பூசிய தலையோடு தெருவில் இயல்பாக நடக்கிறார்கள். அந்த முடி ஏலத்துக்குப் போகிறது. தென்னிந்தியக் கோயில் முடி சவுரி, விக் தயாரிப்புக்காக உலகச் சந்தையில் விலைபோகும் சரக்கு. 2004இல் திருப்பதி முடி கலந்த விக்கை யூதப் பெண்கள் அணியலாமா என்று கேள்வி எழுந்து, கூடாது என்று மதகுருமார்கள் தீர்ப்புச் சொன்னதால் நியூயார்க்கின் புரூக்ளினில் விக்குகளை நடுத்தெருவில் போட்டு எரித்தார்கள். இங்கே நேர்ந்துகொண்டவளுக்கும் அங்கே எரித்தவளுக்கும் நடுவில் நின்ற வியாபாரிக்குத்தான் நஷ்டம். தமிழ்நாட்டு அறநிலையத் துறைக் கோயில்களில் முடிகாணிக்கைக்கு வாங்கிய கட்டணத்தை அரசு 2021இல் நீக்கியது.

கொள்ளிடத்தின் தென்கரையில், அதே திருவரங்கத்து வீதிகளில், மொட்டைத் தலை வேறொன்றைக் குறித்தது. கணவனை இழந்த பார்ப்பனப் பெண்ணுக்குத் தலை மழித்து, நார்மடிப் புடவை உடுத்தி, மஞ்சளும் பூவும் குங்குமமும் விலக்கினார்கள். இதில் வைணவர்களின் இரு பிரிவுகளான வடகலை, தென்கலைக்குள் வேறுபாடு உண்டு. வடகலையாரும் ஸ்மார்த்தரும் கைம்பெண்ணின் தலையை மழிக்க வேண்டும் என்றார்கள்; தென்கலை மரபு அதை ஏற்கவில்லை. பெரிய கோயில் தென்கலை வழிபாட்டில் இருப்பதால், திருவரங்கத்தில் ஒரே வீதியில் அடுத்தடுத்த வீட்டில் முடியுள்ள கைம்பெண்ணும் முடியற்ற கைம்பெண்ணும் இருந்திருப்பார்கள். முடி இருந்தவளுக்கும் மஞ்சளும் பூவும் இல்லை. சுமங்கலிகளின் உடம்பை ஊரே கூடிக் கொண்டாடிய சடங்குகள் அத்தனையிலும் அவள் தூணுக்குப் பின்னால் நின்றாள்.

இந்த ஊரின் வரலாறு அதை எள்ளுகிறது. திருச்சிக் கோட்டையிலிருந்து நாயக்கர் அரசை 1689 முதல் 1706 வரை நடத்திய ராணி மங்கம்மாள் ஒரு கைம்பெண். 1730களில் ஆண்ட மீனாட்சியும் கைம்பெண். வரி போடவும் படை நடத்தவும் தகுதி பெற்றவர்களுக்கு ஒரு நலங்கில் முன்னால் வந்து ஆரத்தி எடுக்கத் தகுதி இல்லை. மங்கம்மாள் தவறுதலாக இடக்கையால் வெற்றிலை போட்டுக்கொண்டதற்குப் பிராயச்சித்தமாகத்தான் சாலைகளும் சத்திரங்களும் கட்டினாள் என்றொரு கதை உலவுகிறது. பதினேழு ஆண்டு ஆட்சிக்கு ஒரு வெற்றிலைச் சுருளைக் காரணம் காட்டும் கதை அது.

கைம்பெண்ணின் நிலையை மாற்றத் தொடங்கியது பள்ளிக்கூடம். சென்னையில் சகோதரி சுப்பலட்சுமி 1912இல் சாரதா மகளிர் சங்கம் தொடங்கி இளம் கைம்பெண்களைப் படிக்கவைத்து ஆசிரியைகளாக்கினார். திருச்சியில் ஹோலி கிராஸ் 1923இல் கல்லூரியானது. 1951இல் சீதாலட்சுமி ராமசுவாமி கல்லூரி வந்தது. வேலைக்குப் போகும் பெண்ணின் தலையை மழிக்கக் குடும்பங்கள் தயங்கின. பிற்காலத்தில் திருச்சியையும் தன் இயக்கத்துக்கு ஒரு மையமாக்கிக்கொண்ட பெரியார் வேறு வழி சொன்னார். நகை வேண்டாம், முடியைக் கிராப்பாக வெட்டிக்கொள்ளுங்கள், ஆண்களைப்போல உடுத்துங்கள், பெண் பெரியவளானதை ஊருக்கு அறிவிக்காதீர்கள் என்றார். கிராப்பு பரவவில்லை. நகைக்கடைகள் முன்பைவிடப் பெருகின. தமிழ்ப் பெண் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது படிப்பையும் சொத்துரிமையையும். உடம்பைப் பற்றி அவர் சொன்னதை மேடையிலேயே விட்டுவிட்டாள்.

பண்டங்களின் வரவுக்கு ஒரு காலவரிசை உண்டு. மைசூர் சந்தன சோப்பு 1918இல் வந்தது; ஆப்கான் ஸ்நோ முகப்பூச்சு 1919இல்; ஹமாம் சோப்பு 1931இல். சோப்பு வந்ததும் மஞ்சள் உடனே போய்விடவில்லை. வெள்ளிக்கிழமைக்கு மஞ்சள், மற்ற நாளுக்குச் சோப்பு என்று பல வீடுகளில் ஒரு பங்கீடு ஏற்பட்டது. கல்லூரிக்கும் அலுவலகத்துக்கும் போனவர்கள் மஞ்சள் முகத்தோடு போகக் கூச்சப்பட்டபோது அந்த வெள்ளிக்கிழமையும் தேய்ந்தது. 1975இல் ஃபேர் அண்ட் லவ்லி சிவப்பழகுக் கிரீம் இந்தியச் சந்தைக்கு வந்தது. ஏறக்குறைய அதே சமயத்தில் மஞ்சளையே குழாயில் அடைத்து விக்கோ டர்மரிக் வந்தது. அது அழகுப் பொருளா ஆயுர்வேத மருந்தா என்று வரித்துறையோடு பல ஆண்டுகள் வழக்கு நடந்தது.

மஞ்சள் முகத்தைச் சிவக்க வைக்கும் என்று பாட்டிமார்களும் சொல்லத்தான் செய்தார்கள். கர்ப்பிணிக்குப் பாலில் குங்குமப்பூ கலந்து கொடுத்ததும் பிள்ளை சிவப்பாகப் பிறக்க வேண்டும் என்றுதான். பெரிய கோயில் மூலவர் கரிய திருமேனியராகத் தைலக்காப்போடு பள்ளிகொண்டிருக்கும் ஊரில், அவரைக் கண்குளிரச் சேவித்துவிட்டு வீட்டுக்கு வந்து மருமகளுக்குக் குங்குமப்பூ உரசினார்கள். ஆக, நிற ஆசையைக் கம்பெனிகள் கண்டுபிடித்துக் கொண்டுவரவில்லை. அவர்கள் செய்தது வேறு: ஆசையாக இருந்ததைக் குறையாக மாற்றி, அந்தக் குறைக்குக் கெடு வைத்தார்கள். இத்தனை வாரத்தில் வேலை கிடைக்கும், வரன் அமையும் என்று விளம்பரங்கள் சொல்லின. தமிழ்நாட்டு நிறுவனமான கெவின்கேர் 1990களின் இறுதியில் குங்குமப்பூவும் பாலும் கலந்தது என்று சொல்லி ஃபேரெவர் கிரீமைக் கொண்டுவந்தபோது, பாட்டியின் கிண்ணம் அப்படியே டியூபுக்குள் வந்துவிட்டது. அதே நிறுவனம் சிக் ஷாம்பூவைச் சில்லறைக் காசுக்குப் பாக்கெட்டில் விற்று, அரப்பும் சீயக்காயும் அரைத்த கிராமத்து வீடுகளுக்குள் அதற்கு முன்பே நுழைந்திருந்தது. பாக்கெட் வந்ததால் விவசாயக் கூலிப் பெண்ணும் இதில் வாடிக்கையாளர் ஆனாள்.

எதிர்ப்பும் தமிழ்நாட்டிலிருந்தே கிளம்பியது. சென்னையில் இயங்கும் 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு 2009இல் கருப்பும் அழகே என்ற பொருளில் 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கத்தைத் தொடங்கியது. 2014இல் விளம்பரத் தரக் கவுன்சில், கருத்த நிறமுடையவர்களைத் தாழ்ந்தவர்களாகக் காட்டக் கூடாது என்று நெறிமுறை வகுத்தது. 2020இல் ஃபேர் அண்ட் லவ்லி பெயரிலிருந்து 'ஃபேர்' நீங்கி 'க்ளோ' ஆனது. டியூபுக்குள் இருப்பது கிரீம்தான், விற்பனையும் நிற்கவில்லை.

நாள்காட்டியையும் கடைவீதி எடுத்துக்கொண்டது. ஆடியில் கல்யாணம் இல்லை. புதுமணத் தம்பதியைப் பிரித்துப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போவதும் ஆடியில்தான். அந்த மாதம் கருத்தரித்தால் சித்திரை வெயிலில் பிரசவமாகும் என்ற கவலை. ஜவுளிக்கடைக்காரர்களுக்கு அது பட்டினி மாதமாக இருந்தது. பழைய சரக்கைத் தள்ளிவிட ஆரம்பித்த ஆடித் தள்ளுபடி, நாளடைவில் ஆண்டின் பெரிய விற்பனைக் காலங்களில் ஒன்றாகிவிட்டது. தெப்பக்குளத்தைச் சுற்றியுள்ள என்.எஸ்.பி. ரோட்டில், சாரதாஸ் வாசல் முதல் சின்னக் கடைவீதி வரை, ஆடி ஞாயிறுகளில் நடக்க இடமிருக்காது. படித்துறையில் ஆறு வாங்கிக்கொள்ளும் ரவிக்கைத் துண்டும் தள்ளுபடியில் வாங்கியதாக இருக்கலாம்; தப்பில்லை. அந்தக் கூட்டத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: உள்ளே வரும் பெண் சுமங்கலியா என்று எந்தக் கடையும் கேட்பதில்லை. கைம்பெண்ணுக்குச் சிவப்புப் பட்டை எடுத்துக்காட்டத் தயங்காத முதல் ஆள் ஜவுளிக்கடை விற்பனையாளர்தான். லாபத்துக்காகச் செய்தது என்றாலும் அவள் கணக்கில் அது வரவு.

பெண் பெரியவளாகும்போது நடக்கும் சடங்கு இந்த எல்லாவற்றையும் ஒன்றாகக் காட்டுகிறது. அத்தைமார் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது, தாய்மாமன் பச்சை ஓலை கட்டிய குச்சு என்னும் தனிக் குடிசையில் உட்கார வைப்பது, உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுப்பது, புட்டு சுற்றுவது, நாள் கழித்து மஞ்சள் நீராட்டு. உடம்பில் வந்த மாற்றம் வெட்கப்பட வேண்டியதல்ல, ஊட்டி வளர்க்க வேண்டியது என்று ஒரு சிறுமிக்கு அது சொன்னது. கூடவே, இனி நீ கல்யாணத்துக்கு இருப்பவள் என்று ஊருக்கும் சொன்னது. குச்சு வெறும் அடையாளமல்ல. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவில், பட்டுக்கோட்டை அருகே ஆனைக்காட்டில் அப்படித் தனியே குடிசையில் வைக்கப்பட்டிருந்த 12 வயதுச் சிறுமி மீது தென்னை மரம் விழுந்து அவள் இறந்தாள். திருச்சியில் இன்று குச்சு பெரும்பாலும் மண்டபத்து மேடை அலங்காரம். தாம்பாளங்களில் சீர்வரிசை, வீடியோ, பியூட்டி பார்லரிலிருந்து வந்து இரண்டு நிறம் கூட்டிப் போட்ட மேக்கப், வாசலில் பிளக்ஸ். நீராட்டில் மஞ்சள் பூசிய முகத்தை மேக்கப்காரர் முதலில் துடைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறார்.

மாதவிடாய் நாள்களில் பெண் ஒதுங்கியிருக்கும் 'தூரம்' மறைந்ததற்குச் சீர்திருத்தத்தைப் போலவே கட்டடமும் காரணம். திருவரங்கத்துப் பழைய வீட்டில் திண்ணை, ரேழி, கூடம், இரண்டாம் கட்டு, கொல்லை என்று நீண்டுபோகும் இடத்தில் மூன்று நாள் ஒதுங்க ஒரு மூலை இருந்தது. அடுக்குமாடியில் மூலை இல்லை. பழம்புடவைத் துணியை மறைவில் துவைத்து மறைவில் உலர்த்திய காலம்போய்க் கடை நாப்கின் வந்தது. தமிழ்நாடு அரசு 2011–12இல் 'புது யுகம்' திட்டத்தில் வளரிளம் பெண்களுக்கு இலவசமாக வழங்கத் தொடங்கியது. 2018இல் நாப்கினுக்கு ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டது. திருச்சியில் 1987 முதல் இயங்கும் கிராமாலயா தொண்டு நிறுவனம் துவைத்துப் பயன்படுத்தும் துணி நாப்கினை மீண்டும் கொண்டுவந்தது. முன்பு மறைத்த துணியை இப்போது வெயிலில் உலர்த்துங்கள் என்று கூட்டம் போட்டுச் சொல்கிறார்கள். பாக்கெட் நாப்கினைக் கடைக்காரர் செய்தித்தாளில் சுற்றிக் கொடுக்கும் வழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை.

சூலுற்ற உடம்புக்கு இந்த ஊர் எப்போதும் தனி இடம் கொடுத்திருக்கிறது. மலைக்கோட்டையில் சிவன் தாயுமானவர். காவிரி வெள்ளத்தால் தாய் வந்து சேர முடியாமல் பிரசவ வலியில் தவித்த செட்டிப்பெண்ணுக்கு, அவள் தாயின் உருவில் வந்து மருத்துவம் பார்த்தவர். செட்டிப்பெண் மருத்துவம் கோயில் விழாவில் ஆண்டுதோறும் நடத்திக் காட்டப்படுகிறது. சுகப்பிரசவம் வேண்டி வாழைத்தார் படைக்கிறார்கள். திருவானைக்காவில் உச்சிக்கால பூஜைக்கு அர்ச்சகர் அகிலாண்டேசுவரியின் புடவையை உடுத்திக்கொண்டு போகிறார். பெண்ணுருவம் எடுப்பது தெய்வத்துக்கும் இழுக்கில்லை என்ற ஊர் இது. வளைகாப்பு அந்த மரபின் வீட்டு வடிவம்: வேப்பிலைக் காப்பு முதலில், பிறகு கண்ணாடி வளையல், வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சந்தனம் பூசிக் கை நிறைய அடுக்குவது. உப்பிய காலும் பருத்த முகமும் உள்ள பெண்ணை நடுவில் உட்காரவைத்து எல்லோரும் அழகு என்று சொல்லும் சடங்கு தமிழ் வாழ்க்கையில் இது ஒன்றுதான்.

அந்த வளையலைக் கைம்பெண்ணான தாய் தன் மகளுக்கு அடுக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. சாத்திரம் தெரிந்தவரைக் கேட்க வேண்டியதில்லை, சட்டமும் வேண்டியதில்லை. முதல் வளையலை அவள் கையில் கொடுத்து, அடுக்கச் சொல்லிவிட்டால் போதும்.